உதடு மரத்துப்போகும் வரை

"ரெண்டுக்கும் ஊசி ஒண்ணுதாங்க மௌலி," என்றார் டாக்டர் ஷாகிதா, ஊசியை என் வாயிலிருந்து மெல்ல உருவிக்கொண்டே. "புடுங்கறதுன்னாலும் இதே மருந்து, ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்தறதுன்னாலும் இதே மருந்து. உதடு நல்லா மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள யோசிச்சு வைங்க, வந்து கேக்கறேன்." கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். யோசிப்பதற்கு எத்தனையோ இடம் உண்டு, டீக்கடை உண்டு, பைக்கின் மேல் உண்டு, ஆனால் இப்படித் தலை தாழ்ந்து கால் உயர்ந்து, கழுத்தில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி யோசிக்கச் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. கூரையில் நான்கு விளக்கு. மூன்று ஒழுங்காக எரிகிறது, ஒன்று மட்டும் யாரோ தூக்கத்தில் கண் இமைப்பதைப் போல நிமிஷத்துக்கு ஒருமுறை துடிக்கிறது. உள்ளே கரண்டை அளந்து கொடுக்கிற டிரைவர் போகப் போகிறது, ஒரு மாதம் வரும், அதற்கு மேல் வராது. சொல்லலாமா? வேண்டாம், வந்தது பல்லுக்கு, எலக்ட்ரிக் வேலைக்கு இல்லை. இடது கன்னத்துக்குள்ளே எதுவோ குளிராகவும் இல்லாமல் சூடாகவும் இல்லாமல் நகர்கிறது, தரையில் கொட்டின தண்ணீர் எந்தப் பக்கம் போகலாம் என்று பார்ப்பதைப் போல. வெளியே உடுமலைக் காற்று, ஆடிக் காற்று, கிளினிக்கின் பெயர்ப் பலகையைப் பிடித்து ஆட்டுகிறது. அந்தப் பலகையின் ஒரு ஸ்க்ரூ லூஸ். அதையும் சொல்ல வேண்டாம். யோசி மௌலி, யோசி. புடுங்குவதா, வைத்துக்கொள்வதா.

புடுங்கினால் செலவு என் ஒருநாள் கூலி. இன்றோடு முடிந்தது, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று டாக்டரே சொன்னார், அதுகூட நல்லாத்தான் இருக்கிறது. ரூட் கெனால் என்றால் மூன்று தடவை வர வேண்டும், மூன்று அரைநாள் வேலை போகும், அப்புறம் மேலே ஒரு தொப்பி போட வேண்டும், அந்தத் தொப்பியிலேயே மூன்று சாதி, உலோகம் ஒன்று, பீங்கான் ஒன்று, வாயில் போடப்போகிற பொருளின் பேரே வாயில் நுழையாத ஒன்று. ஆகக் குறைச்சலான உலோகத் தொப்பியோடு கூட்டிப் பார்த்தால், கூட்டிப் பார்க்கிறேன், மறுபடி கூட்டிப் பார்க்கிறேன், எப்படிக் கூட்டினாலும் கடைசியில் மிஷின் விலையில் வந்து நிற்கிறது. சுவர் வெட்டுகிற மிஷின். வயர் பைப் பதிக்கச் சுவரில் காடி போடுவது, பச்சை உடம்பு, கறுப்புப் பிடி, கடைக்காரர் எனக்காக அட்டைப்பெட்டியோடு மேல் தட்டில் எடுத்து வைத்திருக்கிறார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கறேன் தம்பி, அப்பறம் கேட்டவங்களுக்குக் குடுத்துருவேன், கோவிச்சுக்கக் கூடாது." கோபம் என்ன. ஒரு வருஷமாக எடுத்து வைத்த பணம் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தகர டப்பாவில் இருக்கிறது. அது மிஷின் பணம். ரங்கநாதன் அண்ணனிடம் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன், நல்ல மனுஷன், கூலி பாக்கி வைத்ததில்லை, ஆனால் அவர் மிஷினை என் சொந்த வேலைக்குக் கேட்டால் மட்டும் முகம் சுவர் மாதிரி ஆகிவிடும். இப்போது முதல் முதலாக என் பேருக்கு ஒரு வீடு வந்திருக்கிறது, மாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் தேவசகாயம் சார் வீடு, மேலும் கீழுமாக அத்தனை வயரிங்கும் நான்தான். வெள்ளிக்கிழமை சுவர் வெட்ட வேண்டும். சொந்த மிஷினோடு போய் இறங்கினால் அது ஒரு மாதிரி. வாடகை மிஷினோடு போய் இறங்கினால் அது வேறு மாதிரி. பல்லா மிஷினா என்று கேட்டால் யாராவது சிரிப்பார்கள். நானே சிரித்திருப்பேன், வாய் பாதி என்னுடையதாக இல்லாததால் சிரிக்கவில்லை.

பல்லும் ஒரு மிஷின்தான் என்று வைத்துக்கொண்டால் என்ன. அந்தப் பல், இடது கீழ்க் கடவாய்ப் பல், அதை நான் மெல்லுவதற்கு மட்டுமா வைத்திருந்தேன். ஏணியின் மேல் நிற்கிறபோது ஒரு கை கூரைக் கொக்கியைப் பிடித்திருக்கும், ஒரு கை வயரைப் பிடித்திருக்கும், மேல்தோலை உரிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது. கடவாயில் கொடுத்து லேசாகக் கடித்து, வயரை ஒரு திருப்புத் திருப்பி வெடுக்கென்று இழுத்தால் தோல் நாக்கில் நிற்கும், செம்பு வெளியே மினுங்கும். உரிக்கிற கட்டர் பையிலேயே இருக்கும், புத்தம் புதுசாக, எண்ணெய் வாசனை மாறாமல். எல்லாரும் அப்படித்தான். ரங்கநாதன் அண்ணனுக்குக் கடிக்கிற பல்லே இப்போது இல்லை, ஈறால் உரிக்கிறார் என்று பின்னால் சொல்லிச் சிரிப்போம். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாலும் வயரின் நிறம் தெரியும் என்று ஒரு எண்ணம், சிவப்பு கொஞ்சம் கசக்கும், கறுப்பு மண் மாதிரி இருக்கும், பச்சைக்கு ஒரு ருசியும் இல்லை. என் மனைவி கோகிலா இதை நம்ப மாட்டாள். டாக்டர் ஷாகிதா வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இங்க ஒரு பள்ளம் இருக்குதே, அரம் போட்டு அராவுன மாதிரி. என்னத்தைக் கடிப்பீங்க?" என்று கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வயருங்க." "டெய்லருங்களுக்கு முன் பல்லுல இப்படி வரும். நூலு கடிச்சு. உங்களுக்கு உள்ள." அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பள்ளத்தில்தான் மெல்லிசாக ஒரு விரிசல் விட்டு, விரிசல் வழியாகச் சொத்தை இறங்கி, நரம்பு வரைக்கும் போயிருக்கிறது. எக்ஸ்ரேயில் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் பல், இரண்டு வேர், கால் நீட்டி உட்கார்ந்த ஆள் மாதிரி. பார்த்தவுடன் பாவமாக இருந்தது. நம்மிடம் வேலை செய்கிறவனை நாம் பார்ப்பதே இல்லை, காய்ச்சல் என்று படுத்த பிறகுதான் முகத்தைப் பார்க்கிறோம்.

இதில் மேல் பல்லின் கதை வேறு இருக்கிறது. நினைத்தால் இப்போதும் உடம்பு ஒரு தரம் கூசுகிறது. மூன்று வாரமாக வலி மேலே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியம் பண்ணியிருப்பேன். காதுக்குக் கீழே தொடங்கி மேல் வரிசையில் வந்து குத்தும். எந்தப் பல் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த முறையில் இறங்கினேன். வீட்டில் பழுது என்றால் என்ன செய்வோம், ஒவ்வொரு லைனாக ஆஃப் செய்து ஒவ்வொரு லைனாக ஆன் செய்து பார்ப்போம், எதில் டிரிப் ஆகிக் கரண்ட் நிற்கிறதோ அதுதான் திருடன். அப்படியே கண்ணாடி முன் நின்று ஐஸ் கட்டியை எடுத்து ஒவ்வொரு பல்லாக வைத்தேன். முன் பல், ஒன்றுமில்லை. அடுத்தது, ஒன்றுமில்லை. மேல் கடவாயில் வைத்து ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதற்குள் உச்சந்தலையில் அடித்தது பாருங்கள், நான் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டேன். வலித்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம், பிடித்துவிட்டேன் என்று. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குறைந்த காசுக்குப் பல் எடுக்கிற ஒரு இடத்துக்குப் போனேன், இந்தப் பல்தான், மேலே, எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு. போனால் கதவு சாத்தியிருந்தது, வீட்டில் விசேஷம் என்று அட்டை தொங்கியது. இன்று டாக்டர் ஷாகிதாவிடம் இந்த ஐஸ் பரிசோதனையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கேட்டுவிட்டுச் சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அப்புறம், "ஐஸை மேல வெச்சா உருகற தண்ணி எங்கங்க வடியும்?" என்றார். கீழே. கீழேதான் வடியும். வாயைத் திறந்து வைத்திருந்தேனே, தண்ணீர் மேல் பல்லில் இருந்து சொட்டி நேராகக் கீழ்ப் பல்லின் பள்ளத்தில் போய் இறங்கியிருக்கிறது. திருடன் கீழே இருக்க, மேலே இருக்கிற ஒரு அப்பாவியைப் பிடித்து நான் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். இப்போது நாக்கு நுனியால் அந்த மேல் பல்லைத் தொட்டுப் பார்க்கிறேன். கெட்டியாக, வழவழவென்று, ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருக்கிறது. யார் வீட்டு விசேஷமோ, நன்றாக இருக்கட்டும், பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

நாக்கின் ஒரு பக்கம் இப்போது தடித்துவிட்டது. உதட்டின் இடது மூலை எனக்குச் சொல்லாமல் எங்கோ புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, உதட்டுக்குத் தெரியவில்லை, வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது. அட, வலி எங்கே. மூன்று வாரமாகச் சோறு தின்னும்போது கூடவே உட்கார்ந்து, பைக்கில் பின்னால் ஏறி, தூக்கத்தில் தலையணையைப் பங்கு போட்டுக்கொண்ட வலி, காணோம். தேடிப் பார்க்கிறேன், பையில் வைத்த சாவியைத் தேடுவது போல. இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது, துடிக்கிற விளக்கு நன்றாக இருக்கிறது, யாரோ எங்கோ டம்ளரைக் கழுவுகிற சத்தம் நன்றாக இருக்கிறது. வலிக்கவில்லை என்றால் எதற்குப் புடுங்க வேண்டும், எதற்குக் காப்பாற்ற வேண்டும். எழுந்து போய்விட்டால் என்ன. இந்தப் பச்சைத் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ஊசிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, நேராகக் கடைக்குப் போய் மிஷினை இறக்கச் சொன்னால். ஒரே ஒரு ஊரிலே ஒரு பல் இருந்ததாம், அதுக்குத் தீராத வலி வந்ததாம், வைத்தியர் வந்து தூங்க வைத்தாராம், தூங்குகிற பல்லைப் பார்த்து அதன் எசமானன், அட குணமாகிவிட்டதே என்று சந்தைக்குப் போய்விட்டானாம். சந்தையில் ஒரு மிஷின் வாங்கினானாம், வாங்கிக்கொண்டு பாதி வழி வரும்போது தூக்கம் கலைந்து பல் எழுந்து உட்கார்ந்து, எசமானே எசமானே என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டதாம். பாதி வழியில் கேட்கும். சாயங்காலம் நாலு நாலரைக்குக் கேட்கும். மருந்து அதுவரைக்கும்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆக, போவதற்கு இல்லை. அந்தக் கதவு திறந்த மாதிரி இருந்து சாத்திக்கொண்டது. திரும்ப அந்த இரண்டு கதவுதான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி, அதில் ஒருவர், பொள்ளாச்சி வண்டி கண்டக்டராம், குரலே சொல்கிறது, வாயைத் திறந்து வைத்திருக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பேசுகிறார். பஞ்சும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கிற சிந்தாமணி அக்காவிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு வருசத்துக்கு முந்தி கீழ ஒண்ணைப் புடுங்குனனுங்க்கா. ஒரு பல்லுதானே, போனாப் போவுதுன்னு. இப்ப என்ன ஆச்சு, மேல இருக்கறது எடம் காலியா கெடக்குதுன்னு எறங்கி வருது. பக்கத்துல இருக்கறது ரெண்டும் அந்தப் பக்கம் சாஞ்சு படுத்துக்கிச்சு. ஒரு ஆளு எறங்குனா மூணு ஆளு காலை நீட்டறானுங்க, என்ற வண்டி மாதிரியே." அக்கா சிரித்தாள். "அப்ப அன்னிக்கே கட்டுப்பல்லு வெச்சிருக்கோணும்." "அதுக்கு ரெண்டு பக்கத்துப் பல்லையும் அராவோணும்ங்கறாங்க. நல்லா இருக்கறவனை எதுக்குக்கா அராவறது? தாடை எலும்புல ஆணி வெச்சுப் பல்லை மொளைக்க வெக்கறதுன்னா அதுக்கு நான் வண்டியைத்தான் விக்கோணும், அது என்ற வண்டியும் இல்லை." அக்கா என் பக்கம் வந்து தலையை நீட்டினாள். "மரத்துச்சா கண்ணு?" பாதி என்று கையால் காட்டினேன். குனிந்து காதோரம் சொன்னாள், "டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடாத, நானா இருந்தாப் புடுங்கிப்போட்டு வேலையைப் பாப்பேன். பல்லு முப்பத்திரண்டு இருக்குது, எல்லாத்தையும் என்ன பண்ண." அவள் சிரித்தபோது பார்த்தேன், கடைவாயில் இரண்டு பக்கமும் காலி. அவளுக்கு அதில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. முறுக்கை நனைத்துத் தின்பாளாக இருக்கும். நனைத்துத் தின்றாலும் முறுக்கு முறுக்குதான். ஆனால் அந்தக் கண்டக்டரின் பல், காலி இடத்தைப் பார்த்து இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிற அந்தப் பல், என் கண்ணிலிருந்து போக மறுக்கிறது. என் மேல் பல்லும் அப்படித்தான் இறங்குமா. கீழே கூட்டாளி இல்லை என்று தெரிந்ததும் எட்டிப் பார்த்துப் பார்த்து.

இந்த நாற்காலியில் எனக்கு உறுத்துவது காசுகூட இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. நான் எத்தனை வீட்டில் டார்ச்சும் கையுமாக நின்றிருக்கிறேன். பழைய வீடு, சுவருக்குள்ளே வயர் கருகியிருக்கும், வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், நான் சொல்வேன், "ரெண்டு வழி இருக்குங்க. இந்தப் பாயிண்டை இதோட கட் பண்ணி டேப் சுத்தி விட்டுறலாம், இன்னிக்கே முடிஞ்சுது. இல்லைன்னா உள்ள இருக்கற வயரை உருவிட்டு, அதே பைப்புல புதுசு இழுக்கோணும். நேரம் ஆகும், செலவு ஆகும், ஆனா பாயிண்டு உங்களுக்கு நிக்கும்." அவர் முகவாயைத் தடவிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றனப்பா," என்பார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக வரும். இதில் யோசிக்க என்னய்யா இருக்கிறது, இது உன் வீடு, நாளைக்கு இந்த மூலையில் ஒரு மேசை போடுவாய், ஒரு விளக்கு வேண்டும் என்பாய். மனதுக்குள் அவரைக் கஞ்சன் என்பேன். இப்போது நான் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்கிறேன். யோசிக்க நிறையத்தான் இருக்கிறது. அவர்களுக்கும் எங்கோ ஒரு தகர டப்பா இருந்திருக்கும், அதற்குள் வேறு எதற்கோ வைத்த பணம் இருந்திருக்கும், அதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன. அடுத்த தடவை யாராவது யோசித்துச் சொல்கிறேன் என்றால் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் உறுத்துகிறது, அது சின்னப்பிள்ளைத்தனம்தான். நரம்பை எடுத்துவிட்டால் அந்தப் பல் உயிரில்லாத பல் என்றார் டாக்டர், சூடு தெரியாது குளிர் தெரியாது. உயிரில்லாததை வாயில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் சோறு தின்பது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உயிரோடு இருக்கிற பற்கள் அதை எப்படி நடத்தும். ஆனால் சுவருக்குள் இருக்கிற பைப்புக்கு மட்டும் என்ன உயிரா இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கிறது, இருக்கிறதுதான் அதன் வேலை. சுவர் அதை நம்பித்தான் பூசப்பட்டிருக்கிறது. வேலை செய்கிறதெல்லாம் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கோகிலாதான். அவள் வீட்டில் ரவிக்கை தைக்கிறாள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் பேசுவாள், தையல் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வரும். "மாமா, ஊசி போட்டாச்சா? அழுதீங்களா?" "ம்ம்ம்." "ஆமாங்கறீங்களா இல்லைங்கறீங்களா?" "இ... இள்ள." அவ்வளவுதான் வந்தது. அந்தப் பக்கம் மிஷின் நின்றுபோய் ஒரே சிரிப்பு. "இன்னொருக்காச் சொல்லுங்க, இன்னொருக்கா." நான் சொல்லவில்லை. "செரி, டாக்டர் என்ன சொன்னாங்க? நீங்க பேச வேண்டாம், ஒண்ணுன்னாப் புடுங்கறது, ரெண்டுன்னா வெச்சுக்கறது, போனைத் தட்டுங்க." இரண்டையும் தட்டினேன், முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. "இன்னும் முடிவு பண்ணலையாக்கும். மிஷினை நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கறீங்க. எனக்குத் தெரியாதா." அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, நறுக்கென்று, நூலைப் பல்லால் கடித்திருக்கிறாள். "க... கத்தி..." என்றேன். "கத்திரிக்கோலா? மடியிலதான் இருக்குது. பழக்கம் விடுதா?" என்றாள். "இங்க பாருங்க மாமா. மிஷினை வாடகைக்கு எடுக்கலாம். பல்லை எவன் வாடகைக்குக் குடுப்பான்? அந்த டப்பாவுல மறுபடி போடலாம், ஆடியில எனக்குத் தையல் இல்லை, ஆவணியில ஊரே கல்யாணம் பண்ணுது, நானும் போடறேன். ஆனா ஒண்ணு, தொப்பி உலோகம் போடாதீங்க, சிரிச்சாத் தகரம் அடிச்ச கதவு மாதிரி இருக்கும்." "பி... பின்னா..." "பின்னாடிப் பல்லா? வெளிய தெரியாதா? அப்ப உலோகமே போடுங்க, கட்டுபடி ஆகட்டும். போனை வெக்கறேன், ரவிக்கைக்குக் கை ஏத்தோணும்." வைத்துவிட்டாள். பல்லை எவன் வாடகைக்குக் குடுப்பான். கேட்டால் சின்னப் பேச்சு மாதிரி இருக்கிறது, திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு பக்கம் இல்லை. வாடகை கொடுத்தால் தேவசகாயம் சார் வீட்டில் எனக்கு மிச்சம் குறையும். குறையட்டும். முதல் வீட்டில் மிஷின் என்னுடையது என்று சொல்ல முடியாது. சுவர் நான் வெட்டினது என்று சொல்லலாமே, அதை யார் தடுப்பது. இதை நினைத்ததும் பச்சை உடம்பு கறுப்புப் பிடியெல்லாம் கடைத் தட்டில் இன்னும் கொஞ்சம் உயரத்துக்குப் போய்விட்டது. எட்டவில்லை என்ற வருத்தம் ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்றால் பொய். ஆனால் அது மரத்துப்போன உதட்டைத் தொடுகிற மாதிரிதான் இருக்கிறது. இருக்கிறது, உறைக்கவில்லை.

டாக்டர் ஷாகிதா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உதட்டில் எதையோ வைத்துக் குத்தினார், தெரியுதா என்றார், இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லுங்க மௌலி. என்ன முடிவு?" ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும் போல இருந்தது, என்னிடம் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி, நாக்கை வலது பக்கமாகவே வைத்து மெதுவாகக் கேட்டேன், "எத்தனை வருசம் வருங்க?" அவர் கொஞ்சம் யோசித்தார், உடனே சொல்லாமல் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. "எழுதிக் குடுக்க முடியாதுங்க. தொப்பி போட்டு, ஒழுங்கா வெளக்கி, அதுல வயர் உரிக்காம இருந்தா ரொம்ப வருசம் வரும். உரிச்சீங்கன்னா எங்கிட்ட வராதீங்க." "வெ... வெச்சுக்கலாங்க," என்றேன். இவ்வளவு நேரம் சுற்றியது இந்த ஒரு சொல்லுக்கு. "நல்லது," என்றார். "சிந்தாமணி, ரூட் கெனால் டப்பாவைத் திற." துளை போடுகிற சத்தம், பூச்சுத் தூள் மாதிரி ஒரு வாசனை, தண்ணீர் சிதறல். சுவருக்கு உள்ளே வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் எப்படி உணர்வார் என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் மெல்லிசான கம்பி ஒன்றை எடுத்தார், முடியைவிடக் கொஞ்சம் தடிமன், நீலத் தலை. அதோடு ஒரு சின்ன மிஷினைத் தட்டில் என் கண்ணுக்கு நேராக வைத்தார். மிஷினில் இருந்து இரண்டு வயர். ஒன்றின் நுனியில் கொக்கி, அதை என் உதட்டோரம் மாட்டினார், மீனுக்கு மாட்டுகிற மாதிரி. இன்னொன்றின் நுனியை அந்தக் கம்பியில் கவ்வ விட்டார். "இது எதுக்குன்னா, கம்பி வேரோட அடியைத் தொடறப்ப மிஷின் சத்தம் குடுக்கும். எவ்வளவு ஆழம்னு தெரியும்." கம்பி உள்ளே இறங்கியது. மிஷினின் முகத்தில் சின்னச் சின்னக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. பீப் என்றது, நிதானமாக, அப்புறம் நெருக்கி நெருக்கி. கொக்கியில் இருந்து ஒரு வயர், கம்பியில் இருந்து ஒரு வயர், இரண்டுக்கும் நடுவில் இணைப்பு எங்கே என்று பழக்கத்தில் என் கண் தேடியது, தேடிக்கொண்டே போய், அட, நான். நடுவில் நான்தான் இருக்கிறேன். உதட்டில் ஏறி, ஈறு வழியாக, எலும்பு வழியாகப் போய் அந்த வேரின் அடியில் கம்பியைத் தொட்டு மிஷினுக்குத் திரும்புகிறது. எத்தனையோ தடவை கரண்ட் என்னை அடித்திருக்கிறது, ஏணியிலிருந்து தள்ளியிருக்கிறது, ஒருமுறை மூன்று விரலைக் கறுப்பாக்கியிருக்கிறது. இவ்வளவு பதவிசாக உள்ளே வந்து, என் பல்லுக்கு அடி எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவது இன்றைக்குத்தான். எத்தனை வோல்ட்டுங்க என்று கேட்க நாக்கு துடிக்கிறது, வாய் முழுக்கப் பஞ்சு, கொக்கி, குழாய், டாக்டரின் இரண்டு விரல். தொண்டையில் இருந்து ஏதோ பொங்கிக்கொண்டு மேலே வந்தது. "சிரிக்காதீங்க மௌலி," என்றார் டாக்டர், கண்ணைக் கோடுகளில் இருந்து எடுக்காமல். "அளவு ஆடுது." நான் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல், படுத்திருந்தேன்.